‘காப்பி அடிக்கவே முடியாதபடி பூட்டித் தருகிறோம்’ என்பவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள்

தமிழில் சமையல் தளம், கதைத் தளம், வலைப்பதிவு நடத்துகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. ‘உங்கள் பதிவுகளை மூன்று தளங்கள் திருடிப் போட்டிருக்கின்றன, பாருங்கள்’ என்று ஸ்க்ரீன்ஷாட்டும் கூடவே இருக்கும். அந்த ஸ்க்ரீன்ஷாட் பொய்யில்லை, திருட்டும் உண்மைதான். அதனால்தான் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். பிறகு ஒரு வருட ‘உள்ளடக்கப் பாதுகாப்பு பேக்கேஜ்’ என்று ஐந்திலக்கத் தொகை கேட்பார்கள்.

சமையல் தளம் நடத்தும் ஒரு பெண்மணி அப்படிக் கட்டினார். வருடம் முடியும்போது திருடிய மூன்று தளங்களில் இரண்டு அப்படியே இருந்தன. அவருடைய தளத்தில் வாசகர்கள் பொருள் பட்டியலைக்கூட காப்பி செய்ய முடியாமல் திட்டிவிட்டுப் போனார்கள். அவர் பெயரில் யார் யாருக்கோ மிரட்டல் கடிதம் போயிருந்தது. கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் படித்தால், பதிவுகளின் காப்புரிமையே நிறுவனத்தின் பேருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்வதால் பயனில்லை. இதே பேக்கேஜ் வேறு வேறு பெயர்களில் விற்கப்படுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுவிடலாம்.

முதலில் தருவது ரைட் கிளிக் பூட்டு. வேர்ட்பிரஸில் ஒரு இலவச ப்ளகினைப் போட்டு, எழுத்தைத் தேர்வு செய்ய முடியாமல், வலது சொடுக்கு வேலை செய்யாமல் ஆக்கிவிடுவார்கள். இதைத் தாண்டக் கணினி தெரிந்தவர் யாரும் தேவையில்லை. கன்ட்ரோலையும் யூ விசையையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் மூல நிரல் முழுவதும் திறந்துவிடும். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தினால் பூட்டே இல்லை. போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் கொடுத்தால் தமிழ் எழுத்துகளைப் பிரித்துக் கொடுத்துவிடும். தடைபடுவது உங்கள் செய்முறையை அம்மாவுக்கு அனுப்ப நினைக்கும் வாசகர் மட்டும்தான்.

இதைவிட முக்கியமான விஷயம், திருடுகிற தளங்களில் பெரும்பாலானவற்றில் மனிதர் யாரும் உட்கார்ந்து காப்பி செய்வதில்லை. நீங்கள் பதிவிட்ட சில நிமிடங்களில் அது அங்கே வந்துவிடுகிறதென்றால் ஃபீட் வழியாக, அதாவது புதுப் பதிவுகளை மற்ற நிரல்கள் படிப்பதற்காக உங்கள் தளம் தானாகவே வெளியிடும் பட்டியல் வழியாக, போகிறது என்று அர்த்தம். உங்கள் வேர்ட்பிரஸ் தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். கடைசிப் பத்துப் பதிவுகளும் முழுசாக, படத்தின் முகவரியோடு, அலங்காரமில்லாமல் அங்கே கிடக்கும். ப்ளாகரில் இதே ஃபீட் வேறு முகவரியில் இருக்கும். திருட்டு நிரல் எடுப்பது இதைத்தான். ரைட் கிளிக் பூட்டு இருக்கிற பக்கத்தை அது திறப்பதே இல்லை.

வேர்ட்பிரஸ் அமைப்புகளில் ‘ரீடிங்’ பகுதிக்குப் போய், ஃபீடில் முழுப் பதிவு என்பதை மாற்றி ‘எக்ஸெர்ப்ட்’ என்று வையுங்கள். ப்ளாகரில் ‘சைட் ஃபீட்’ என்ற இடத்தில் ‘ஷார்ட்’ என்று வைக்கலாம். ஃபீட் ரீடரில் உங்களைப் படிக்கும் நல்ல வாசகர்களுக்கு இது சிரமம்தான். அவர்கள் நிறையப் பேர் என்றால் முழு ஃபீடை விட்டுவிட்டு, ஒவ்வொரு பதிவின் கீழும் ‘இது முதலில் வெளியான இடம்’ என்று மூலப் பதிவின் லிங்கோடு ஒரு வரி தானாகச் சேரும்படி செய்யுங்கள். திருட்டு நிரல் அந்த வரியையும் சேர்த்தே கொண்டுபோகும், பிறகு அதுவே சாட்சியாக நிற்கும். வேர்ட்பிரஸில் இன்னொரு வாசலும் உண்டு. ரெஸ்ட் ஏபிஐ என்ற இணைப்பு வழியாகவும் முழுப் பதிவும் வெளியே வரும். ஃபீடை மட்டும் சுருக்கிவிட்டு அங்கே திறந்து வைத்திருக்கிறோமா என்று உங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கேளுங்கள்.

படங்களை அவர்கள் பெரும்பாலும் தங்கள் சர்வரில் ஏற்றுவதில்லை. உங்கள் சர்வரிலிருந்தே இழுத்துக் காட்டுவார்கள். திருட்டுப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து உங்கள் தளத்தின் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். தளத்துக்கு முன்னால் நின்று காக்கும் க்ளவுட்ஃப்ளேர் சேவையைப் பயன்படுத்துகிறவர்கள் ‘ஹாட்லிங்க் ப்ரொடெக்‌ஷன்’ என்பதைப் போட்டால் அந்தப் படங்கள் அங்கே மறைந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். உங்கள் சர்வரின் முகவரி அவர்கள் நிரலில் இருப்பதைப் போன்ற நல்ல சாட்சி வேறில்லை.

பேக்கேஜின் இரண்டாவது பொருள், தளத்தின் அடியில் ஒட்டும் ‘டி.எம்.சி.ஏ. பதிவு பெற்றது’ என்ற பட்டை. டி.எம்.சி.ஏ. என்பது 1998இல் வந்த அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம். திருட்டுப் பதிவை நீக்கக் கோரும் புகார் அதன்படி அனுப்பப்படுகிறது. எழுதுகிறவர் தன் தளத்தை அதில் ‘பதிவு’ செய்வது என்று ஒன்று கிடையாது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அது மற்றவர்கள் பதிவேற்றும் தளங்கள் புகார் வாங்க ஒரு ஆளை நியமித்துத் தெரிவிப்பதற்கான பட்டியல். கட்டணம் 6 டாலர், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கும் உங்கள் சாம்பார் பதிவுக்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது, ‘காப்புரிமைச் சான்றிதழ்’. தங்க நிற முத்திரையோடு பி.டி.எஃப். வரும். இதைக் கொடுக்கும் அதிகாரம் எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் இல்லை. 1957 காப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எழுதி முடித்த கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவு செய்தால் வழக்கில் முதல்நிலைச் சாட்சியாக உதவும், அவ்வளவுதான். வேண்டுமென்றால் புது தில்லி துவாரகாவில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் ஒன்றுக்கு 500 ரூபாய். பணம் கட்டியதும் ஒரு டைரி எண் வரும். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருந்த பிறகுதான் பரிசீலனையே தொடங்கும். சில நிறுவனங்கள் டைரி எண்ணையே காட்டி ‘பதிவாகிவிட்டது’ என்கின்றன. அது விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான எண் மட்டுமே. ‘முழு இணையதளத்தையும் ஒரே சான்றிதழில் பதிவு செய்து தருகிறோம்’ என்பதையும் நம்பாதீர்கள். தளம் முழுவதையும் ஒரே படைப்பாக அலுவலகம் ஏற்பதில்லை. எழுத்து, படம், நிரல் என்று தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆபத்து அதிகம் இருப்பது நான்காவதில், ‘அங்கீகாரக் கடிதம்’ என்று கையெழுத்து வாங்கும் தாளில். உங்கள் சார்பில் புகார் அனுப்ப மட்டும் அனுமதி கொடுப்பது வேறு, உரிமையையே மாற்றிக் கொடுப்பது வேறு. ‘அசைன்’, ‘அசைன்மென்ட்’ என்ற சொல் எங்கே இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் காலம் குறிப்பிடாமல் விட்டிருந்தால் சட்டம் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஐந்து வருடமும் உங்கள் பதிவை நீங்களே புத்தகமாகப் போட அவர்களிடம் கேட்க வேண்டிய நிலை வரலாம்.

அங்கீகாரம் மட்டும் கொடுத்திருந்தாலும் அனுப்புகிற ஒவ்வொரு புகாரும் உங்கள் பெயரில்தான் போகிறது. மாதா மாதம் எண்ணிக்கை காட்ட வேண்டும் என்பதற்காக, உங்கள் வரி இரண்டை மேற்கோள் காட்டி லிங்க் கொடுத்தவருக்கும், விமர்சனம் எழுதியவருக்கும் சேர்த்துக் கடிதம் அனுப்பிவிடுவார்கள். விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆதாரமில்லாமல் மிரட்டப்பட்டவர் 60ஆம் பிரிவின் கீழ் உங்கள் மேலேயே வழக்குப் போடலாம். டி.எம்.சி.ஏ. புகாரில் தெரிந்தே பொய் சொன்னாலும் நஷ்ட ஈடு உண்டு. இன்னொன்றும் சமையல் தளக்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பொருள் பட்டியலுக்கும் செய்முறைக்கும் யாருக்கும் உரிமை கிடையாது. நீங்கள் அதை எழுதியிருக்கும் விதத்துக்கும், எடுத்த படத்துக்கும்தான் உரிமை. அதே குழம்பை வேறொருவர் தன் சொந்த வார்த்தையில் எழுதினால் அது திருட்டு ஆகாது.

இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு அவர்கள் செய்வதில் உருப்படியானது நீக்கக் கோரும் புகார் ஒன்றுதான். அதை நீங்களே இலவசமாக, உட்கார்ந்தால் ஒரே மாலையில் செய்துவிடலாம்.

சாட்சியைச் சேர்த்துவிட்டுத்தான் புகார் எழுத வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். புகார் போனதும் பக்கத்தை மாற்றிவிடுவார்கள், தேதியைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். உங்கள் பதிவு, அவர்கள் பதிவு இரண்டையும் இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ‘சேவ் பேஜ் நவ்’ வழியாகச் சேமியுங்கள். மூன்றாம் இடத்தில் தேதியோடு நிற்கும். முகவரிப் பட்டை தெரியும்படி முழுப் பக்க ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். படத்தின் மூலக் கோப்பைக் கேமராவிலிருந்து இறக்கியபடியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் போய்வந்த படத்தில் எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் அழிந்துபோயிருக்கும். வழக்கு வரை போகும் என்று தோன்றினால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்று வேண்டும். கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும், நிபுணர் கையெழுத்திடும் பகுதியும் அதில் உண்டு. கோப்புகளை அன்றே ஒழுங்காக வைத்தால் பிறகு இது சுலபம்.

அடுத்து, புகாரை யாருக்கு அனுப்புவது. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். தளப் பெயர் யாரிடம் பதிவானது என்று காட்டும் ஹூஇஸ் தேடலில் வருவது பெயரை விற்ற நிறுவனம், பக்கத்தைத் தாங்கி நிற்கும் ஹோஸ்டிங் நிறுவனம் அல்ல. தளத்தின் ஐபி எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணுக்கு ஹூஇஸ் பாருங்கள். க்ளவுட்ஃப்ளேர் என்று வந்தால் அதுவும் ஹோஸ்டிங் இல்லை, முன்னால் நிற்கும் திரை. அவர்களுடைய அப்யூஸ் படிவத்தை நிரப்பினால் பின்னால் இருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பி, அது யார் என்பதையும் உங்களுக்குச் சொல்வார்கள். ப்ளாக்ஸ்பாட், யூடியூப், ஃபேஸ்புக் என்றால் அவரவர் படிவமே போதும்.

டி.எம்.சி.ஏ. புகாரில் ஆறு விஷயம் இருக்க வேண்டும். உங்கள் கையெழுத்து (முழுப் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும்), உங்கள் மூலப் பதிவின் முகவரி, திருட்டுப் பதிவின் துல்லியமான முகவரி, தொடர்பு விவரம், இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்தோடு நம்புவதாக ஒரு வாக்கியம், தகவல் சரியானது, பொய் சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு உரிமையாளர் சார்பில் சொல்கிறேன் என்று ஒரு வாக்கியம். புகார்கள் திரும்பி வருவது பெரும்பாலும் மூன்றாவதில்தான். தளத்தின் முகப்பு முகவரியைக் கொடுத்துவிட்டு ‘எல்லாமே திருட்டு’ என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். பதினைந்து பதிவு போயிருந்தால் பதினைந்து ஜோடி முகவரி கொடுங்கள்.

இந்தியாவில் இயங்கும் தளத்துக்கு 2013 காப்புரிமை விதிகளின் 75ஆம் விதி இருக்கிறது. எழுத்து மூலம் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் பதிவைத் தாங்கி நிற்கும் இடைத்தளம் அதை முடக்க வேண்டும். ஆனால் வழக்குப் போட்டு 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் காட்டுவதாகப் புகாரிலேயே உறுதி கொடுக்க வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் அவர்கள் மறுபடி திறந்துவிடலாம். வழக்குப் போடும் எண்ணம் இல்லாதபோது இந்த வழியைத் தொடாதீர்கள். வழக்கை எதிராளியின் ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும் என்றில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவுப்படி நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம்.

கூகுளுக்குத் தனியாக ஒரு புகார் போடுங்கள். ஹோஸ்டிங் நிறுவனம் பதில் சொல்லாவிட்டாலும் தேடலிலிருந்து போய்விட்டால் திருட்டுத் தளத்துக்கு வரும் கூட்டம் நின்றுவிடும். கூகுள் இந்தப் புகார்களின் நகலை லூமென் என்ற பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது, உங்கள் பெயர் அங்கே தெரியும். எதிராளி மறுப்பு அனுப்பினால் விஷயம் அவருக்கும் உங்களுக்கும் நேராக வந்துவிடும். தனியாக வசிக்கும் பெண்கள் வீட்டு முகவரிக்குப் பதில் அலுவலக முகவரியோ வழக்கறிஞர் முகவரியோ கொடுப்பது நல்லது.

இதே காப்புரிமைப் பயத்தை வைத்து நடக்கும் வேறொரு மோசடியும் உண்டு. ‘உங்கள் தளத்தில் என் புகைப்படத்தைத் திருடியிருக்கிறீர்கள், ஆதாரம் இந்த லிங்கில்’ என்று வரும் மின்னஞ்சலைத் திறக்காதீர்கள். 2021 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் இதைப் பற்றி எச்சரித்தது. தளங்களின் தொடர்புப் படிவம் வழியாகவே காப்புரிமை மிரட்டல் வந்தது, லிங்க் கூகுள் சைட்ஸ் முகவரியில் இருந்தது, இறக்கினால் ஐஸ்டுஐடி என்ற தீநிரல் உள்ளே வந்தது. உண்மையான புகார் எந்தப் பக்கம், எந்தப் படம் என்று கடிதத்திலேயே சொல்லும்.

ஏற்கெனவே பேக்கேஜ் வாங்கிவிட்டவர்கள் இன்றே செய்ய வேண்டியவை சில. அங்கீகாரத்தை ரத்து செய்வதாக மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். உங்கள் பெயரில் போன எல்லாப் புகார்களின் நகலையும் அதிலேயே கேளுங்கள். வேர்ட்பிரஸில் அவர்கள் உருவாக்கிய அட்மின் கணக்கை நீக்கி, உங்கள் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் உரிமையாளர் பட்டியலைப் பாருங்கள். அங்கே அவர்கள் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. சரிபார்ப்புக்காக அவர்கள் வைத்த கோப்பு, மெட்டா டேக், டி.என்.எஸ். பதிவு ஆகியவற்றையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி உள்ளே வந்துவிடுவார்கள். உரிமை மாற்றத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள், அந்தச் செலவு வீண் இல்லை. கொடுத்த பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பேசலாம். அது சரிப்படாவிட்டால், சுயதொழிலாகத் தளம் நடத்துகிறவர் 2019 நுகர்வோர் சட்டப்படி தன் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், ‘யாரும் காப்பி அடிக்கவே முடியாது’ என்று அவர்கள் எழுதிக் கொடுத்த வாக்குறுதி அதில்தான் இருக்கிறது.