பிளானில் 10 அடி, டேப்பில் 9 அடி 3 அங்குலம்: வீடு கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

இன்னும் அஸ்திவாரத்துக்கு வானம் பறிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் பிளானை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

மதுரை திருப்பாலைக்குப் பக்கம் எங்களுக்கு 3 சென்ட் இடம். கையிருப்பும் பேங்க் லோனும் சேர்த்து 22 லட்சம், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. அதனால் கீழே ஹால், கிச்சன், ஒரு பெட்ரூம், மாடியில் ஒரு ரூம் என்று சின்னதாகத்தான் கேட்டோம். போர்டில் 'என்ஜினீயர்' என்று போட்டிருந்த ஒருவரிடம் 12,000 ரூபாய் கொடுத்தோம். இரண்டே நாளில் சோபா, கட்டில் எல்லாம் போட்டுக் கலர் கலராய் பிளான் வந்துவிட்டது. ஓரத்தில் '30 அடி ரோடு' என்று இருந்தது. எங்கள் தெரு 20 அடி. கேட்டால் "டைப்பிங் மிஸ்டேக் சார்" என்றார். வேறு யாருக்கோ வரைந்ததில் பெயரை மட்டும் மாற்றித் தந்திருக்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நூல் கட்டிய அன்று ரூமெல்லாம் கோழிக்கூண்டு மாதிரி தெரிந்தது. மேஸ்திரி சிரித்தார்: "நூல் போட்டா அப்படித்தான் தெரியும் தம்பி, செவரு ஏறட்டும்." எல்லாரும் சொல்கிறதுதான், பாதி உண்மையும்கூட. நானும் விட்டுவிட்டேன்.

கண்டுபிடித்தது அம்மா. மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர், 10 நல்லது, 9 ஆகாது, அதுவும் உள்கூடு அளவுதான், அதாவது சுவருக்குச் சுவர் உள்பக்க அளவுதான் கணக்கு என்பார். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது தன் தையல் டேப்பைக் கொண்டுவந்து, அது 5 அடிதானே, கட்டைவிரலால் பிடித்துப் பிடித்து நகர்த்தி பெட்ரூமை அளந்தார். 9 அடி 3 அங்குலம். மறுபடி அளந்தார், அதேதான்.

விஷயம் என்னவென்றால், பிளானில் 10க்கு 11 என்று போட்டிருந்தது சுவரின் நடுவிலிருந்து எதிர்ச்சுவரின் நடு வரைக்கும். 9 அங்குலச் சுவர் என்றால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, மொத்தம் 9 அங்குலம் ரூமிலிருந்து போய்விடும். பூச்சில் இன்னும் ஒரு அங்குலம். 110 சதுர அடி என்று நினைத்த ரூம் 93தான். சாஸ்திரத்தை விடுங்கள், கட்டில் போட்டால் பீரோ கதவு முழுசாகத் திறக்காது. என்ஜினீயரிடம் போய்க் கேட்டால், "நாங்க எப்பவும் சென்டர் டு சென்டர்தான் போடுவோம், உங்களுக்குத் தெரியாதா?" என்று என்னையே கேட்கிறார். பிளானில் எங்கேயும் அப்படி எழுதவில்லை.

இதைவிடப் பெரிய கூத்து மாடிப்படி. பத்தரை அடி உயரம் ஏற, 7 அங்குலப் படியாக இருந்தால் 18 வேண்டும். திரும்பி ஏறுகிற படி என்றால், கால் வைக்கிற மிதி 10 அங்குலம் வைத்து, திரும்புகிற இடத்தில் 3 அடி லேண்டிங்கும் சேர்த்து உள்ளளவில் கிட்டத்தட்ட 9 அடி 8 அங்குல நீளம் கேட்கும். எங்கள் பிளானில் அதற்கு விட்டிருந்தது 8 அடி, அதிலும் சுவர் போக 7 அடி சொச்சம். உள்ளே சும்மா கோடு கோடாய் இழுத்துவைத்திருந்தார். கடைசியில் லேண்டிங்கையும் முக்கோணமாய் வெட்டி 14 படி, ஒவ்வொன்றும் 9 அங்குலம். மூட்டுவலிக்காரர் அம்மா மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார், வடகம் காயப்போட நான்தான் ஏறுகிறேன்.

அதற்கு முன்னால் படியை வேறு பக்கம் மாற்றலாமா என்று கேட்டபோது, "அப்ரூவல் ஆயிருச்சு, இனி கை வைக்கக் கூடாது" என்று என்ஜினீயர் ஒரே போடாகப் போட்டார். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரைக்குமான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. எங்களுக்கும் கிடைத்தது, நல்ல வசதிதான். ஆனால் உங்கள் மாடிப்படி அந்த இடத்தில் அடங்குமா என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. அப்ரூவல் வந்துவிட்டது, அதனால் பிளான் சரி என்று நம்பியது என் முட்டாள்தனம்.

பெட்ரூமில் ஒரு சுவரை மட்டும் இடித்து நகர்த்தினோம், 40,000 ரூபாய் அதற்கே போனது. படியைத் தொட முடியவில்லை. அவர் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை.

பிளான் போடக் கொடுப்பவர்கள் மீதிப் பணம் தருவதற்கு முன் ஒவ்வொரு ரூமுக்கும் பூச்சுக்குப் பிந்தைய உள்ளளவை எழுதி வாங்குங்கள். படிக்குத் தனியாக, எத்தனை படி, எவ்வளவு உயரம் என்று குறுக்குவெட்டுப் படம் கேளுங்கள், அதைத் தர இழுத்தடித்தால் வேறு ஆளைப் பாருங்கள். எங்கள் பிளானில் ஏமாந்த இடத்தையெல்லாம் சிவப்பு பேனாவில் சுழித்து வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.