கத்தி நாய்க்கு இரும்பு முள்பட்டை: எதை வாங்கலாம், எதை விடலாம்

சிறுத்தை நாயைப் பிடித்தால் வாய் வைப்பது பெரும்பாலும் கழுத்தில்தான். குரல்வளையைக் கவ்வி மூச்சை அடக்கிவிடும். அந்த ஒரு கடிக்காகத்தான் இமாச்சலப் பிரதேசத்தில் ஆட்டுமந்தையோடு தௌலாதார் மலை ஏறி இறங்கும் கத்தி நாய்களின் கழுத்தில் இரும்புப் பட்டை. (தமிழில் எழுதினால் வெட்டுக்கத்தி போலத் தெரியும், அது அங்கே ஆடு மேய்க்கும் மக்களின் பெயர்.) கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் இந்த நாயைத் தனி இனமாகப் பதிந்தது 2025-இல்தான். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அந்தப் பட்டியலில் முன்பே ஏறிவிட்டன.

கடையில் கிடைப்பது இரண்டு வகை. கொல்லர் பட்டறையில் தட்டிச் செய்த தகட்டுப் பட்டை ஒன்று. தோல் பெல்ட்டில் முள்ளைத் திருகி மாட்டி ஆன்லைனில் விற்பது மற்றொன்று. தோல் பெல்ட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மழையில் தோல் ஊறினால் திருகு தளர்ந்து முள் ஒவ்வொன்றாக உதிரும், முள்ளுக்கு நடுவே உள்ள தோலைக் கோரைப்பல் சுலபமாகத் துளைக்கும். படம் எடுத்துப் போட ஆகும், கிடைக்காவலுக்கு ஆகாது.

தகட்டுப் பட்டையில் பார்க்க வேண்டியது நிறைய. முதலில் தகட்டின் கனம். 1 மி.மீ. தகடு கையாலேயே வளையும். 1.5 மி.மீ. சரியான அளவு: 7 செ.மீ. அகலத்தில் 6 தகடு, தகட்டுக்கு 3 முள் என்றால் மொத்த எடை 550 கிராம் அளவில் நிற்கும். 2 மி.மீ. போட்டால் 700-ஐ நெருங்கும். நாள் முழுக்கச் சரிவில் ஏறுகிற நாய்க்கு அந்தக் கூடுதல் எடை சுமைதான்.

முள்ளை ரிவெட் அடித்துப் பொருத்தியிருக்க வேண்டும். புள்ளி வெல்டிங் வைத்த முள் பாறையில் இரண்டு முறை இடித்தாலே கழன்றுவிடும். வாங்கும்போது தகட்டின் உட்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். ரிவெட் தலை மட்டமாக இல்லாமல் விரலில் இடறினால் அந்தப் பட்டை வேண்டாம். முள் 3 செ.மீ. போதும். 5 செ.மீ. முள் பார்க்கத்தான் மிரட்டல், புதரில் மாட்டும், பக்கத்தில் படுக்கும் ஆட்டையும் மேய்ப்பவர் தொடையையும் கிழிக்கும். மேல்வரிசை முள் தாடையில் படுகிறதா என்று அறிய ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் போதும். குனிந்து குடிக்கும்போது நாய் தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் முள் குத்துகிறது என்று அர்த்தம்.

தகடுகளைக் கோக்கும் வளையத்தின் வாயை வெல்டிங் வைத்து மூடியிருக்க வேண்டும். வாய் திறந்த வளையத்தில் முடி சிக்கும். நாய் உதறும்போதெல்லாம் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வரும். பூட்டுக்குச் சாதாரண ஆணியும், அது கழலாமல் நுனியில் மடக்கிவிடும் கம்பியும் நல்லது. பனியில் விறைத்த விரலாலும் கழற்ற முடியும். பூட்டு தொண்டைக்கு நேரே வரக் கூடாது, பக்கவாட்டில் இருக்கட்டும்.

புதிதாக வருபவற்றில் உள்ளே கம்பளியோ ஸ்பாஞ்சோ ஒட்டியிருக்கிறார்கள். நாய்க்கு இதமாக இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் இதுதான் பெரிய குறை. இந்த நாய்க்குக் கழுத்தில் இரட்டை அடுக்கு முடி. மெத்தை ஏற்கெனவே இருக்கிறது. ஒட்டின துணி தண்ணீரைக் குடித்துவிட்டுக் காயாது. முடி திரிந்து சடையாகி, அடியில் தோல் வெந்து சீழ் வைக்கும். கடை அப்படித்தான் கொடுத்தால் துணியைப் பிய்த்துவிட்டு மாட்டுங்கள்.

அளவெடுக்கும்போது முடியை அமுக்கிப் பிடித்து நாடாவைச் சுற்றி, இரண்டு விரல் இடைவெளி விடவும். வசந்தத்தில் உள்முடி உதிர்ந்ததும் பட்டை தளர்ந்து காதைத் தாண்டி உருவிக்கொண்டு வரும்; அப்போது ஒரு வளையத்தைக் குறைக்க வேண்டும். வாரம் ஒரு முறை கழற்றி, அடிமுடியைச் சீப்பால் பிரித்து, உண்ணி பார்க்கவும். மந்தை குளிர்காலத்தில் கீழ்மலைக்கு இறங்கும்போது உண்ணி அதிகம், பட்டைக்கு அடியில் நாயால் சொறியவும் முடியாது. துருவுக்கு மெல்லிசாகக் கடுகெண்ணெய் தடவினால் போதும். பெயின்ட் அடித்தால் செதில் செதிலாக உரிந்து முடியில் ஒட்டும்.

இந்தப் பட்டையால் ஆகாதவையும் உண்டு. கரடி காலால் அறைந்தால் கழுத்து இரும்பு உதவாது. குடற்புழுவுக்கும் அது கவசமில்லை: செத்த ஆட்டின் தலையைப் பச்சையாகப் போட்டால், நாய் வயிற்றில் நாடாப்புழு வளர்ந்து, எச்சத்தில் வரும் முட்டை மேய்ச்சல் புல் வழியாக ஆட்டின் மூளைக்குப் போகும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழுந்து சாகும். வேகவைத்துப் போடுங்கள், புழு மருந்தை நாயின் எடை பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுங்கள்.

பழக்கும் நாய்களுக்குப் போடும், முள் உட்பக்கம் பார்த்த பட்டையோடு இதைக் குழப்ப வேண்டாம். முழுசாக வளராத குட்டிக்கு இதை மாட்டக் கூடாது. குட்டிகள் ஒன்றோடொன்று உருண்டு விளையாடும்போது கண் போய்விடும். கட்டிப்போட வேண்டுமானால் தனியாக ஒரு துணிப்பட்டை வைத்திருங்கள். இரும்புப் பட்டையில் சங்கிலியை மாட்டினால் நாய் இழுக்கிற இழுப்பில் தகடு திரும்பி, முள் தாடைக்கு அடியில் போய் நிற்கும்.