ஜான் மியூரின் நாட்குறிப்பேடுகள்: பசிபிக் பல்கலைக்கழக மின்தொகுப்பு குறித்து ஒரு மதிப்புரை

கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரிலுள்ள பசிபிக் பல்கலைக்கழகம், மலைகளோடு வாழ்ந்த இயற்கையியலாளர் ஜான் மியூரின் நாட்குறிப்பேடுகளை மின்னாக்கம் செய்து, யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைத்திருக்கிறது. 1867-இல் தொடங்கி அவருடைய இறுதிக்காலப் பயணங்கள் வரை நீளும் எழுபதுக்கும் மேற்பட்ட ஏடுகள் இதில் உள்ளன. மியூரை அச்சு நூல்கள் வழியாக மட்டும் அறிந்தவருக்கு இத்தொகுப்பு முதலில் ஏமாற்றத்தையே தரும். நூல்களில் சீராக ஓடும் வருணனைகளுக்கு மாறாக, இங்கே பாதியில் நின்ற வாக்கியங்களும், மங்கிய பென்சில் கோடுகளும், செடிகளின் வெறும் பெயர்ப் பட்டியல்களும், மழை பெய்ததா இல்லையா என்ற ஒற்றை வரிகளுமே பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ஆனால் அவர் எதைக் கண்டார், எதைப் பின்னாளில் மெருகேற்றினார் என்ற இரண்டையும் பிரித்தறிய விரும்புபவருக்கு இதைவிட நல்ல இடம் வேறில்லை.

ஸ்காட்லாந்தின் டன்பாரில் 1838-இல் பிறந்து, சிறுவனாக விஸ்கான்சின் பண்ணைக்குக் குடிபெயர்ந்த மியூர், 1867-இல் இண்டியானாபொலிஸ் தொழிற்சாலையொன்றில் கண்ணில் அடிபட்டுப் பார்வை மீண்ட பிறகு, தெற்கே மெக்சிகோ வளைகுடா வரை நடந்தே சென்றார். தொகுப்பின் மிகப் பழைய ஏடு அந்த நடைப்பயணத்தினுடையது. அதன் முன்னட்டையின் உட்புறத்தில் தம் முகவரியாக அவர் எழுதிய ‘ஜான் மியூர், பூமிக்கோள், பிரபஞ்சம்’ என்ற வரி பலமுறை மேற்கோள் காட்டப்பட்டுப் புகழ்பெற்றுவிட்டது. அந்த வரியைக் காணவே பலரும் இந்த ஏட்டைத் திறப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கோ அதற்குப் பின்வரும் பக்கங்களே முக்கியமாகப்பட்டன. செடிகளை அழுத்திப் பதப்படுத்தும் பலகைகளைச் சுமந்துகொண்டு நடக்கும் இளைஞர், தமக்குப் பழக்கமான வடக்கின் தாவரங்கள் ஒவ்வொன்றாக விலகித் தெற்கின் பனைகளும் ஓக் மரங்களில் தொங்கும் பாசியும் நெருங்கிவருவதை அப்பக்கங்களில் வழிநெடுகக் குறித்துச் செல்கிறார்.

தொகுப்பின் அமைப்பு எளிமையானது. ஒவ்வோர் ஏடும் அதன் காலத்தையும் இடத்தையும் கொண்டே பெயரிடப்பட்டிருக்கிறது. ஆகவே மியூர் எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்பதை ஓரளவேனும் தெரிந்துகொண்டு வருபவருக்கு வழி உடனே பிடிபட்டுவிடும். குறிப்பிட்ட ஒரு பறவையையோ மரத்தையோ தேடி வருபவர் மட்டும் சற்றுத் தயாரிப்போடு வரவேண்டும், ஏனெனில் மியூர் வழங்கிய பெயர்களுள் பல இன்று வழக்கில் இல்லை. இன்சென்ஸ் சிடார் மரத்தின் இன்றைய பேரினப் பெயர் கலோசீட்ரஸ். மியூருக்கு அது லிபோசீட்ரஸ். இன்று டக்ளஸ் ஃபர் எனப்படும் மரத்தை அவர் டக்ளஸ் ஸ்ப்ரூஸ் என்றும், இன்று அமெரிக்கன் டிப்பர் எனப்படும் அருவிப் பறவையை வாட்டர் ஊசல் என்றும் எழுதினார். கிளார்க்ஸ் நட்கிராக்கர் என்னும் பறவை அவருக்கு வெறும் கிளார்க் காகந்தான். இந்தப் பழைய பெயர்களை முதலிலேயே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு தேடுவது பெருமளவு நேரத்தை மிச்சப்படுத்தும். கையெழுத்தைப் பொறுத்தவரை, பெயர்த்தெழுதிய பிரதி இருந்தால் அதையும் பக்கத்தின் படத்தையும் அருகருகே வைத்துப் படிப்பதே நல்லது. இடுப்புவாரில் கட்டித் தொங்கவிட்ட சிறு ஏட்டில், நடந்து களைத்த கையால், பல வேளைகளில் நெருப்பு வெளிச்சத்தில் எழுதப்பட்ட பென்சில் எழுத்து அது. அதைப் படிப்பதற்குக் கைபேசித் திரை ஏற்றதன்று.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், 1869 ஜனவரி முதல் மே வரையிலான ஏட்டையே நான் சொல்வேன். மத்தியப் பள்ளத்தாக்கில் ட்வென்டி ஹில் ஹாலோ என்னுமிடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டு குடிசையொன்றில் தங்கியிருந்தபோது மியூர் எழுதியது அது. அங்கே சிகரமோ பனியாறோ இல்லை. சிறு குன்றுகளும், புல்வெளியும், வானமும், இன்னொருவருடைய ஆட்டுமந்தையும் மட்டுமே உண்டு. ஆயினும் நாள்தவறாமல் மேகத்தின் தன்மை, மழை, காற்று, புதிதாகத் தலைகாட்டிய செடி, பாடும் புல்வெளிப் பறவை என்று அவர் எழுதிச் செல்லும்போது, கலிஃபோர்னியாவின் குளிர்கால மழை வசந்தமாக மாறுவதை நாளுக்கு நாள் பின்தொடர முடிகிறது. பின்னாளில் அந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி உழவுக்கும் பழத்தோட்டங்களுக்கும் போய்விட்டதால், இந்த எளிய பதிவுகளுக்குத் தாவரவியல் நோக்கிலும் மதிப்பு உண்டு.

இதற்கு அடுத்து வருவது 1869 கோடைகாலம். தொகுப்பைப் பயன்படுத்துபவர் மிகுந்த கவனத்தோடு அணுகவேண்டிய இடமும் இதுவே. ஆட்டுமந்தையுடன் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடருக்குள் அவர் முதன்முதலாக ஏறிச்சென்ற அந்தக் கோடைகாலத்தைப் பற்றிய நூல் 1911-இல் வெளிவந்தது. நாட்குறிப்பு வடிவில் அமைந்த அந்நூலைப் படித்தவர்கள், அதிலுள்ள வரிகள் அன்றன்று மாலையிலேயே எழுதப்பட்டவை என்று நம்புவது இயல்பு. ஆனால் அந்தக் கோடைகாலத்துக்குரியவையாகத் தொகுப்பில் இருக்கும் ஏடுகள், ஏறத்தாழ 1887-இல் மியூரே திருத்தி எழுதிய படிகள். மலைமேல் அவர் எழுதிய மூலக் குறிப்புகள் நமக்குக் கிடைக்கவில்லை. எனவே கதீட்ரல் சிகரத்தில் ஏறி, நெடுநாள் தேடிய காசியோப்பி என்னும் வெண்மணிப் பூச்செடியை அங்கே கண்டு மகிழும் செப்டம்பர் மாதப் பகுதியைப் படிக்கும்போது, முப்பத்தொரு வயது இளைஞரின் வியப்போடு ஐம்பதை நெருங்கும் எழுத்தாளரின் கைத்திறனும் கலந்திருப்பதை மறந்துவிடக் கூடாது. அதே ஆண்டின் குளிர்காலத்து ஏட்டை முதலில் படித்துவிட்டு இங்கே வந்தால் நடையின் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். முன்னதில் பெயர்ச்சொற்கள் ஆள்கின்றன, பின்னதில் பெயரடைகள் பெருகுகின்றன. என்னளவில் பெயர்ச்சொற்களின் பக்கமே நான் நிற்கிறேன்.

ஆய்வாளர் என்ற முறையில் மியூரை மதிப்பவர்கள் 1871, 1872 ஆண்டுகளுக்குச் செல்லவேண்டும். யோசெமிட்டி பள்ளத்தாக்கு நிலம் கீழே அமிழ்ந்ததால் உருவானது என்று மாநில நிலவியலாளர் ஜோசையா விட்னி கூறிவந்த காலம் அது. பனியாறுகளே அதைச் செதுக்கின என்று மியூர் வாதிட்டார். 1871 அக்டோபரில் மெர்சிட் மலைத்தொடரில் ஓர் ஓடையின் அடியில் மாவைப்போல நுண்ணிய சேறு படிந்திருப்பதைக் கண்டு, பாறையை அரைத்த பனியாறு மேலே இருக்கவேண்டும் என்று ஊகித்து, ஓடையைப் பின்பற்றி ஏறி, உயிருள்ள பனியாற்றையே கண்டுபிடித்தார். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் நியூயார்க் ட்ரிப்யூன் இதழில் வெளியான யோசெமிட்டி பனியாறுகள் பற்றிய கட்டுரையே அவர் அச்சில் கண்ட முதல் கட்டுரை. மறு ஆண்டு ஆகஸ்ட் 21-இல் யோசெமிட்டியின் காவலர் கேலன் கிளார்க்கின் உதவியோடு மக்ளூர் பனியாற்றின் குறுக்கே கழிகளை நட்டு, அக்டோபர் 6-இல் திரும்பிச்சென்று அளந்தபோது, நடுப்பகுதியின் கழி 46 நாட்களில் 47 அங்குலம் நகர்ந்திருந்தது. நாளுக்கு ஓர் அங்குலம் என்ற இந்தக் கணக்கு இன்றும் பயன்படுகிறது. அருகிலுள்ள லையல் பனியாறு நகர்வதை நிறுத்திவிட்டது என்று 2013-இல் அறிவித்த தேசியப் பூங்காத் துறை, மிகவும் சுருங்கிவிட்ட மக்ளூர் மட்டும் ஏறத்தாழ அதே வேகத்தில் நகர்வதாகத் தெரிவித்தது. (உடன் கொண்டுசென்றது பெரும்பாலும் ரொட்டியும் தேயிலையுமே என்பதை நினைத்தால், குளிரில் நின்று இவ்வளவு பொறுமையாக அளந்தது வியப்புதான்.)

இத்தகைய அளவுகள் ஏடுகளில் எங்கும் நிறைந்திருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. பறவைகளைப் பொறுத்தவரை மியூரின் நாட்குறிப்பு பெரும்பாலும் உறவின் பதிவேயன்றிக் கணக்கெடுப்பு அன்று. குளிர்காலத்திலும் அருவியோரம் பாடும் வாட்டர் ஊசலின் மீது அவருக்கிருந்த பற்று 1878-இல் ஸ்கிரிப்னர்ஸ் இதழில் ஒரு கட்டுரையாக மலர்ந்தது. ஆனால் எத்தனை பறவைகள், எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில் என்ற கேள்விகளுக்கு ஏடுகளில் விடை அரிது. அத்தகைய பதிவு வேண்டுமென்றால், பெர்க்லியின் முதுகெலும்பு விலங்கியல் அருங்காட்சியகத்தில் ஜோசப் கிரினெல்லும் அவருடைய குழுவினரும் எழுதிவைத்த களக்குறிப்புகளுக்கே போகவேண்டும். அவர்கள் யோசெமிட்டி ஆய்வைத் தொடங்கிய 1914-ஆம் ஆண்டின் டிசம்பர் 24-இல்தான் மியூர் மறைந்தார். கிரினெல்லின் குறிப்புகள் கண்டிப்பான முறையில் எழுதப்பட்டிருந்ததால், 2003 முதல் அதே இடங்களுக்குத் திரும்பிச் சென்ற ஆய்வாளர்கள், சிறு பாலூட்டி இனங்களுள் ஏறத்தாழப் பாதி சராசரியாக 500 மீட்டர் அளவுக்கு மேல்நோக்கி நகர்ந்திருப்பதைக் காட்ட முடிந்தது. மியூரின் ஏடுகளை வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட ஒப்பீட்டைச் செய்வது கடினம். மரங்களிலும் எச்சரிக்கை தேவை. 1875 இலையுதிர்காலத்தில் பிரௌனி என்ற கோவேறு கழுதையோடு செக்கோயா என்னும் பெருமரங்களின் காடுகளினூடே தெற்கு நோக்கிச் சென்ற மியூர், ஒரு மரத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டு வளையங்களை எண்ணியதாகப் பின்னர் எழுதினார். ஆனால் இதுவரை உறுதிசெய்யப்பட்ட மிகப் பழைய செக்கோயாவின் வயது 3,200 ஆண்டுகளுக்குச் சற்றே மேல்.

படங்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பனியாறு விட்டுச்சென்ற கற்குவியலின் வளைவும், சிகரத்தின் வெட்டுமுகமும், பைன் மரத்தின் கிளையமைப்பும் எழுத்தின் நடுவே திடீரென்று கோடுகளாக எழுகின்றன. அச்சுப் பதிப்புகளில் இவற்றுள் பெரும்பாலானவை இடம்பெறுவதில்லை. இந்தப் படங்களைப் பார்ப்பதற்காக மட்டுமே அலாஸ்கா ஏடுகளைத் திறந்தாலும் தகும். 1879-இல் கிளேசியர் பே பகுதிக்குப் படகில் சென்றபோது எழுதத் தொடங்கியவை அவை.

விரும்பத்தகாத பக்கங்களும் உண்டு. தெற்கில் சந்தித்த கறுப்பின மக்களைப் பற்றியும் சியராவின் பூர்வகுடிகளைப் பற்றியும் மியூர் இளமையில் எழுதியவற்றுள் சில இழிவானவை. 1892-இல் அவரைத் தலைவராகக் கொண்டு உருவான இயற்கைப் பாதுகாப்பு அமைப்பாகிய சியரா கிளப்பே 2020 ஜூலையில் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஏடுகள் வெட்டித் திருத்தப்படாமல் முழுமையாகக் கிடைப்பதால், இது குறித்து வாசகர் பிறர் சொல்லைச் சாராமல் தாமே படித்து முடிவுசெய்ய முடிகிறது.

வாழ்நாள் முழுவதும் எழுதப்பட்ட நாட்குறிப்பு என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும் ஆண்டுகள் சமமாக நிரம்பியிருக்கவில்லை. 1880-இல் திருமணமாகி மார்ட்டினெஸ் நகரில் பழத்தோட்டப் பொறுப்பை ஏற்றபின் மலைக்குறிப்புகள் மெலிந்துவிடுகின்றன. 1888-இல் ரெய்னியர் மலையில் ஏறியபோதுதான் அவர் மறுபடியும் உயிர்பெறுகிறார். அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப, பல்கலைக்கழகம் தனியாக மின்னாக்கம் செய்து வைத்துள்ள அவருடைய கடிதங்கள் உதவும்.

கடைசியாகப் பரிந்துரைக்க விரும்புவது 1911, 1912 ஆண்டுகளின் ஏடுகளை. எழுபத்து மூன்று வயதில் தனியாகக் கப்பலேறிய மியூர், சிலியின் மலைகளில் அரகாரியா காடுகளையும், விக்டோரியா அருவியின் அருகே பாவோபாப் மரங்களையும் தேடிச்சென்று பார்த்தார். பதிவுகள் சுருக்கமானவை, சில நாட்களுக்கு ஓரிரு வரிகளே உள்ளன. 1869 கோடையின் குறிப்புகளைப்போல இவற்றை எடுத்து மெருகேற்றி நூலாக்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. ஆகவே அந்த மரங்களின்முன் நின்று அவர் எழுதியது எதுவோ, அதையே நாமும் இங்கே படிக்கிறோம்.