டெக்கன் 8: மச்சானின் கோஸ்டும் இரண்டாவது சீசனும்

டெக்கன் 8 என்ற சண்டை வீடியோ கேமின் விலை இறங்கியிருக்கிறதே, இப்போது வாங்கலாமா என்று மொரீசியசின் ரோஸ் ஹில்லில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் அனுப்ப முடியவில்லை. 2024 ஜனவரி 26ஆம் தேதி வெளிவந்ததிலிருந்து இதைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன். தொடக்கத்தில் 32 பாத்திரங்கள், அன்ரியல் எஞ்சின் 5 என்ற மென்பொருள் அடித்தளம், கதையில் காஸுயாவுக்கும் ஜின்னுக்கும் அப்பன் மகன் சண்டை என்பதெல்லாம் கேட்கிறவர்களுக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது இதிலுள்ள கோஸ்ட் என்ற, நம் ஆட்டத்தை நகலெடுத்து ஆடும் ஆட்டக்காரனைப் பற்றி. அப்புறம் அந்தக் கோஸ்டுக்கு இந்த விளையாட்டே செய்த அநியாயத்தைப் பற்றி.

மொரீசியசில் உட்கார்ந்து சண்டை விளையாட்டு ஆடுகிறவனுக்கு முதல் எதிரி தூரம். டெக்கனில் ஒரு நொடிக்கு 60 பிரேம், அதாவது திரையில் 60 படம். வேகமான ஜாப் குத்து 10 பிரேமில் வந்து விழும், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. இங்கிருந்து பாரிஸ் 9,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது. கேபிள் நேர்கோட்டில் போட்டிருந்தாலே போய்வர 90 மில்லி செகண்ட் ஆகும். கடலடிக் கேபிள் நேராகவா போகிறது? ஆப்பிரிக்காவையோ இந்தியாவையோ சுற்றித்தான் ஐரோப்பாவை அடைகிறது. என் வீட்டிலிருந்து ஒரு ஐரோப்பிய ஆட்டக்காரருக்கு 200 மில்லி செகண்ட் என்பது சாதாரணம். அதைப் பிரேமாக மாற்றினால் 12. ஒரு ஜாப் கிளம்பி முகத்தில் பட்டு முடிவதற்கான நேரத்தைக் கேபிளே தின்றுவிடுகிறது.

இதைச் சமாளிக்கத்தான் ரோல்பேக் இருக்கிறது. எதிராளி என்ன அழுத்துவார் என்று கருவி முன்கூட்டியே ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் தப்பானால் பின்னால் போய்த் திருத்தி மறுபடி காட்டும். தூரம் குறைவென்றால் இது நடப்பதே தெரியாது. எங்கள் தூரத்துக்கு அடியின் ஆரம்பமே காணாமல் போய்விடும். கை கிளம்புவதைப் பார்க்கவே முடியாது, முகத்தில் பட்ட பிறகுதான் தெரியும். தென்னாப்பிரிக்கக்காரர் கிடைத்தால் பரவாயில்லை, நன்றாகவே ஆடலாம். ஆனால் நான் கட்டுப்பாட்டுக்கருவியைக் கையில் எடுக்கும் இரவு நேரத்தில் அவர்கள் கிடைப்பது அபூர்வம். தேடல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

என் மச்சான், தங்கையின் கணவர், பக்கத்துத் தீவான ரீயூனியனில் சென்ட் ஆந்த்ரேயில் இருக்கிறார். இரண்டு தீவுக்கும் நடுவே 230 கிலோமீட்டர் அளவுதான். அவரோடு ஆடினால் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற மாதிரியே இருக்கும். என்ன, அவருக்கு இரவு வேலை, எனக்குக் காலையில் வேலை. கடிகாரம் இரண்டு தீவிலும் ஒன்றுதான், நேரம்தான் ஒத்துவரவில்லை.

அந்த இடத்தில்தான் கோஸ்ட் வந்து சேர்ந்தது. நாம் எந்த நேரத்தில் எந்த அடியை எடுக்கிறோம், எப்போது தடுக்கிறோம், விழுந்தால் எப்படி எழுகிறோம், உயிர் குறையும்போது என்ன செய்கிறோம் என்பதையெல்லாம் கவனித்து, நம்மைப் போலவே ஆடும் ஓர் ஆட்டக்காரனை இந்த விளையாட்டு உருவாக்கி வைக்கிறது. இன்னொருவர் அதை இறக்கிக்கொண்டு அதோடு மோதலாம். சண்டை நம் கருவிக்குள்ளேயே நடப்பதால் பிங் என்ற இணையத் தாமதத்தின் பேச்சே இல்லை. கோஸ்ட் இந்தத் தொடருக்குப் புதிதல்ல, டெக்கன் 6இலும் உண்டு. அந்தக் கோஸ்டோடு ஆடியபோது ஏதோ ஒரு கணினியோடு ஆடுகிறோம் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். இதில் எனக்கு மச்சான் தெரிந்தார்.

அவர் ஆடுவது காஸுயா. கைக்கு எட்டுகிற தூரத்துக்கு ஒரு விரற்கடை வெளியே நிற்பார். முன்னால் ஒரு அடி வைப்பார், உடனே பின்னால் போவார், மறுபடி வருவார். நாம் பொறுமை இழந்து வீசுகிற ஒரு அடி காற்றில் போனால் போதும், அந்த இடைவெளியில் எலக்ட்ரிக் என்ற குத்து வந்து விழும். அதை அடிக்கத் திசையையும் பொத்தானையும் ஒரே பிரேமில் சேர்த்து அழுத்த வேண்டும். எத்தனையோ பேர் வருடக்கணக்காகப் பழகியும் போட்டியின் நடுவில் தவறவிடும் அடி அது. மச்சான் தவறவிட மாட்டார். அவர் கோஸ்டும் அப்படித்தான். அதே பின்வாங்கல், அதே காத்திருப்பு, சுவரோரம் மாட்டிக்கொண்டால் மட்டும் அவர் எடுக்கிற அதே அவசரமான கீழ் அடி. முதல் தடவை அதைப் பார்த்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன், அவளுக்கு விளையாட்டு தெரியாது, ஆனாலும் "அவர் வீட்டிலேயும் அப்படித்தான் அண்ணா, மாட்டிக்கிட்டா உடனே அவசரப்படுவார்" என்றாள்.

2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் சூறாவளி ரீயூனியனில் வடக்குக் கரை வழியாக ஏறியது. மின்சாரம் போனது, தண்ணீர் போனது, பல இடங்களில் போனும் போனது. எல்லோரும் நலம் என்ற செய்தி வருகிற வரை எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு வேலையும் ஓடவில்லை. செய்தி வந்த பிறகும் அவர்கள் வீட்டில் இணையம் வரவில்லை. அந்த நாட்களில் இரவானால் மச்சானின் கோஸ்டோடுதான் ஆடினேன். ஒரு வீடியோ கேமுக்கு இவ்வளவு நன்றி சொல்வேன் என்று நினைத்ததில்லை. இன்றைக்கும் சொல்கிறேன்.

அதற்கு அடுத்து சொல்ல வேண்டியது ரீப்ளே. முடிந்த ஆட்டத்தை ஓடவிட்டு, அடி வாங்கிய இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து நாமே கட்டுப்பாட்டை எடுத்து வேறு அடியை முயன்று பார்க்கலாம். இந்த அடியைத் தடுத்த பிறகு உனக்கு இன்ன அடி உறுதியாகக் கிடைத்திருக்கும் என்று திரையிலேயே காட்டுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாத ஊரில் இது பெரிய உதவி. ஸ்பெஷல் ஸ்டைல் என்ற எளிய கட்டுப்பாடும் நல்லதுதான். தங்கை மகன் விடுமுறைக்கு வந்தால் அதை வைத்துக்கொண்டு என்னோடு சமமாக ஆடுகிறான்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

டெக்கன் 8இன் புதிய விஷயம் ஹீட். ஒரு ரவுண்டில் ஒரு முறை அதைக் கிளப்பலாம். கிளப்பியவருக்குச் சில நொடிகள் கூடுதல் பலம்: தடுத்தாலும் எதிராளிக்குக் கொஞ்சம் உயிர் குறையும், ஹீட் டாஷ் மூலம் பாய்ந்து ஒட்டிக்கொண்டு அடுத்த முறையையும் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். முன்னேறி அடி, பின்வாங்காதே என்பதுதான் இந்த விளையாட்டின் கொள்கை என்று வெளியீட்டுக்கு முன்பே தயாரிப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. முதல் வருடம் ஹீட் எனக்குப் பிடித்தும் இருந்தது. சோர்ந்து கிடக்கும் ரவுண்டில் ஒரு திருப்பம் வரும். அப்போதும் பொறுமைக்காரனுக்கு இடம் இருந்தது. ஹீட்டைத் தாண்டி நின்றுவிட்டால் ஆட்டம் மறுபடி அவன் கைக்கு வரும்.

2025 ஏப்ரலில் இரண்டாவது சீசனின் மாற்றங்கள் வந்தன. யாருக்கு எது பலவீனமோ அதையெல்லாம் நிரப்பினார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் முன்னேறி அழுத்தும் அடிகள் கூடின. பக்கவாட்டில் விலகித் தப்பிப்பது கடினமானது. தடுத்து முடித்த பிறகும் மேலா கீழா என்று ஊகிக்க வேண்டியிருந்தது, ஊகம் தப்பினால் பாதி உயிர் போனது. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன, தொழில்முறை ஆட்டக்காரர்களே வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அதே மாதத்தில் அவசரத் திருத்தமும் வந்தது. பிறகும் திருத்தினார்கள். கேட்டார்கள், திருத்தினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. முதலில் இருந்த இடத்துக்கு மட்டும் அது திரும்பி வரவேயில்லை.

இதை எனக்குக் காட்டியது மச்சானின் கோஸ்ட்தான். மச்சான் அந்த ஏப்ரலுக்குப் பிறகு ஆடுவதை நிறுத்திவிட்டார். "எனக்குத் தெரிஞ்ச ஆட்டம் இது இல்லை" என்றார், அவ்வளவுதான். அதனால் அவர் கோஸ்ட் பழைய பழக்கத்தோடே நிற்கிறது. அதே ஒரு விரற்கடை தூரம், அதே காத்திருப்பு. நான் ஆடுவது கிங் என்ற மல்யுத்தப் பாத்திரம். முன்பெல்லாம் அந்தக் கோஸ்டிடம் ஒரு ரவுண்டு எடுக்க யோசித்து யோசித்து ஆட வேண்டும். எந்த அடியைக் காற்றில் விடலாம், எந்த அடியை விடக்கூடாது என்று மனக்கணக்கு போட வேண்டும். இப்போது ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறேன், ஹீட்டைக் கிளப்புகிறேன், எறிவதா அடிப்பதா என்று அது ஊகிக்கட்டும் என்று விடுகிறேன். சுவர் வரை போய்விடுகிறது. ஜெயிக்கிறேன். நான் திறமையில் வளர்ந்ததால் கிடைத்த வெற்றி இல்லை இது. அவர் வருடக்கணக்கில் சேர்த்த அறிவுக்கு விதிகளை மாற்றி மதிப்பில்லாமல் செய்துவிட்டார்கள். மற்றவர்கள் புள்ளிவிவரம் வைத்து வாதாடுகிறார்கள். எனக்கு அது வேண்டாம், அந்தக் கோஸ்ட் ஒன்றே போதும். அதன் ஆட்டம் மாறவில்லை, சுற்றியிருக்கும் எல்லாம் மாறிவிட்டது.

கடை விஷயத்தை நீட்டவில்லை. வெளியான சில வாரங்களிலேயே உடைகளுக்குத் தனிக் கட்டணக் கடை, பிறகு ஃபைட் பாஸ் என்ற இன்னொரு கட்டணத் திட்டம், ஹெய்ஹாச்சி என்ற பாத்திரத்தோடு வந்த மேடைக்குத் தனி விலை. முழு விலை கொடுத்தவரிடம் இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பது நியாயமில்லை. என் கணக்கு பிரான்சுக் கணக்கு, எல்லாம் யூரோவில். மொரீசியஸ் ரூபாயில் மாற்றிப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

2025 கடைசியில் வந்த மியாரி ஸோ என்ற புதுப் பாத்திரத்துக்கு மட்டும் யோசிக்காமல் பணம் கட்டினேன். மடகாஸ்கர் பெண், மொராங்கி ஆடுகிறாள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மலகாசிகளும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் மேளத்துக்கு நடுவே ஆடிய அந்தச் சண்டைக் கலைதான் ரீயூனியனில் மொராங் என்று இன்றும் ஆடப்படுகிறது. 1994இல் தொடங்கிய தொடரில் எங்கள் கடலிலிருந்து ஒருத்தி வந்து நிற்கிறாள். செய்தியை அனுப்பியதும் மச்சானே போன் செய்துவிட்டார். மறுபடி ஆட வருவார் என்று நினைத்தேன். காணொளியை மட்டும் பார்த்துவிட்டு விட்டார்.

ஆக, கோஸ்டுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன், ரீப்ளேக்கும் அப்படியே. எதிராளி கிடைக்காத தீவில் இவ்வளவு காலம் இன்னொரு விளையாட்டு என்னைப் பிடித்து வைத்ததில்லை. ஆனாலும் நண்பருக்கு வேண்டாம் என்றே எழுதினேன். பாதி விலையென்றாலும் வேண்டாம். இன்றைய மனநிலையில் எனக்கு வேறு பதில் வரவில்லை.

தொடரின் முகமாக இருந்த கட்சுஹிரோ ஹராடா 2025 முடிவோடு நிறுவனத்தை விட்டு விலகிவிட்டார். இனி பொறுப்பில் இருக்கப் போகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை: ஒரு கோஸ்ட் எந்தப் பதிப்பில் ஆடக் கற்றதோ, அதே பதிப்பின் விதிகளில் அதோடு மோத ஒரு வழி வையுங்கள். புது உடையும் வேண்டாம், புது மேடையும் வேண்டாம். அதை மட்டும் செய்தால் அடுத்த சீசனுக்கு நான் முழு விலை கட்டுவேன், மச்சானுக்கும் சேர்த்து.