நண்டு யூனிட்டுக்கு வந்த உளவியல் ஆலோசகர்: ஐந்துக்கு மூன்றரை

மண்டபம் பக்கம் நண்டுச் சதை பிரிக்கும் யூனிட் ஒன்றில் நிர்வாகம் பார்க்கிறேன். நண்டை வேகவைத்து, ஆறவைத்து, ஓடு நீக்கி, சதையைத் தரம் பிரித்துக் கொடுப்போம். டப்பாவில் அடைத்துக் கப்பலேற்றுவது வேறு கம்பெனி. வேலை முழுக்கப் பெண்கள் கையில்தான். வேதாளை, உச்சிப்புளி, பாம்பனிலிருந்து வேனில் வருகிறார்கள். விரல் ஓட ஆரம்பிக்கிற நேரம் பார்த்து வேலையை விட்டு நின்றுவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் "வீட்டுல வேலைண்ணே". கிலோவுக்கான கூலியைக் கூட்டிப் பார்த்தோம், நடக்கவில்லை. கடைசியில் முதலாளி மதுரையிலிருந்து தொழில் உளவியல் படித்த ஒரு பெண் ஆலோசகரை வரவழைத்தார்.

ஆரம்பம் சொதப்பல். தமிழில் அச்சடித்த கேள்வித்தாள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். எல்லோரும் 'மிகவும் திருப்தி'யில் டிக் அடித்துக் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் தலைமாட்டில் நின்றால் வேறு எதில் அடிப்பார்கள்? அந்தம்மா ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "இது குப்பை சார், இதுக்குக் காசு வேண்டாம்" என்றார். அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் தொப்பி, கம்பூட் மாட்டிக்கொண்டு மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டார். நண்டு உரிக்கத் தெரியாது, விரலெல்லாம் கீறல். உரித்துக்கொண்டே கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கடைசியா எப்போ வேலையே வேணாம்னு தோணுச்சு? அன்னைக்கு என்ன நடந்துச்சு?" இதற்கும் ஒரு முறை இருக்கிறதாம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப்படையினரை ஆராய்ந்த ஜான் ஃபிளானகன் 1954-இல் எழுதி வைத்தது. பிடிச்சிருக்கா என்று கேட்டால் மழுப்பலாம். நடந்ததைக் கேட்டால் கதை வந்துவிடும்.

கதை தராசில் வந்து நின்றது. எங்கள் எலக்ட்ரானிக் தராசின் எண் சூப்பர்வைசர் பக்கம்தான் தெரியும். தட்டை வைப்பார்கள், அவர் நோட்டில் எழுதுவார், அடுத்த தட்டு. "நான் எடுத்தது எவ்வளவுன்னு எனக்கே தெரியாது தாயி, அவுக சொல்றதுதான்" என்றாராம் ஒரு பாட்டி. அடுத்தது நீல விளக்கு. அதன் அடியில் சதையைப் பரப்பினால் ஓட்டுத் துண்டு பளிச்சென்று மின்னும். துண்டு கிடைத்தால் தட்டு திரும்பிவிடும், ஆனால் எந்தத் துண்டு என்று உரித்தவருக்கு யாரும் காட்டியதில்லை. தராசைத் திருப்பி வைத்தோம். தட்டு திரும்பினால் உரித்தவரே விளக்கடிக்கு வந்து பார்க்கலாம் என்றோம். இரண்டுக்கும் பைசா செலவில்லை. தராசடியில் தினமும் நடந்த முணுமுணுப்பு நின்றது.

அந்தம்மா உட்கார்ந்திருந்த நாட்களில் உற்பத்தி ஏறியது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். "நான் இருக்கறதாலயே ஏறலாம் சார், இப்பவே கணக்குப் போடாதீங்க" என்று தடுத்ததும் அவர்தான். சிகாகோ பக்கம் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924-இல் விளக்கு வெளிச்சத்தை மாற்றி மாற்றிச் சோதித்த கதையைச் சொன்னார். வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியதாம்.

ஒரு யோசனை எடுபடவில்லை. அகமதாபாத் காலிகோ மில்லில் 1953-இல் ஏ.கே. ரைஸ் என்பவர் தறிகளைச் சிறு குழுக்களிடம் ஒப்படைத்து, உற்பத்தி கூடி, துணிச் சேதம் குறைந்ததாம். அதே மாதிரி மேஜைக்கு ஒரு குழு, எடையும் சேர்த்து என்றார். எங்களிடம் கிலோ கணக்குக் கூலி. கை வேகமான அக்காமார் ஒரே வாரத்தில் கொடி பிடித்துவிட்டார்கள்: "அவ கதை பேசுறதுக்கு நான் உரிக்கணுமா?" நியாயம்தானே?

யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் அந்தம்மா கடைசி வரை சொல்லவில்லை. முதலாளி முகம் சுண்டிப்போனது. அதற்கே நான் அரை மதிப்பெண் கூடப் போடுவேன்.

மீதியைக் குறைத்தது அறிக்கை. அத்தனையும் ஆங்கிலம், கலர் கலராகப் படம். நாற்பது பேர் வேலை பார்க்கிற இடத்தில் 'இரண்டரை சதவீதம்' என்றால் ஒரு ஆள். பெயரைச் சொல்லாமல் சொன்ன மாதிரி ஆகாதா? அதை விளக்க ராமநாதபுரத்தில் ஹோட்டல் ஹால் போட்டு ஒரு கூட்டம் வேறு. உரித்த பெண்களில் ஒருவருக்கும் அழைப்பில்லை.

டீ நேரத்தில் ஒரு அக்கா, பிளஸ் டூ படிக்கும் தன் மகளுக்காக, இந்த வேலைக்கு என்ன படிக்கணும் என்று விசாரித்தார். இளங்கலை உளவியல், மேலே முதுகலை. புள்ளியியலைப் பார்த்துப் பயப்படக் கூடாது. மருத்துவ உளவியலாளர் மாதிரி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (RCI) பதிவு செய்யத் தேவையில்லை. முதல் வேலை பெரும்பாலும் ஏதாவது கம்பெனியின் மனிதவளப் பிரிவில்தான் கிடைக்கும் என்றார் அந்தம்மா. பூசி மெழுகாத பதில்.

ஆள் நின்று போகிற பிரச்சினை உள்ள சின்ன யூனிட்காரர்கள் தாராளமாகக் கூப்பிடலாம். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் நண்டு வரத்து குறையும், பாதிப் பேர் வரமாட்டார்கள். அதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை தமிழில் நாலு பக்கம் போதும், கூட்டம் யூனிட்டிலேயே நடக்கட்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அடுத்த சுற்றுக்கு ஹால் வாடகையைக் கழித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். பேரம் இன்னும் முடியவில்லை.