சூப்பர்சிக்னல் வெஸ்ட் பைக்கோ பிளஸ்: வாங்கியதும் செகண்டரியைக் குறையுங்கள்

வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (புரோட்டீனை மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) தெர்மோ சயின்டிஃபிக்கின் இந்த சப்ஸ்ட்ரேட்டை, அதாவது ஒளி தரும் கரைசலை வாங்கினால், முதலில் மாற்ற வேண்டியது செகண்டரி ஆன்டிபாடியின் அளவு. புரோட்டீனைப் பிடிக்கும் பிரைமரி ஆன்டிபாடியில் போய் ஒட்டுவது இதுதான், எச்ஆர்பி என்சைம் இதில்தான் இணைந்திருக்கும். சாதாரண ஈசிஎல்லில் (இதேபோல் ஒளி தரும், திறன் குறைந்த சப்ஸ்ட்ரேட்) பழகிய 1:5,000 இதற்குச் சரிப்படாது. 1 மி.கி./மி.லி. ஸ்டாக்கிலிருந்து (மூலக் கரைசலிலிருந்து) 1:20,000 முதல் 1:1,00,000 வரை நீர்க்க வேண்டும். பிரைமரியை 1:1,000-இல் தொடங்கிப் பார்க்கலாம்.

எச்ஆர்பி என்சைம் பெராக்சைடோடு சேர்ந்து லூமினாலை ஆக்சிஜனேற்றும்போது ஒளி வருகிறது. என்சைம் மிதமிஞ்சினால் பேண்ட் (புரோட்டீன் பட்டை) இருக்கும் இடத்தில் சப்ஸ்ட்ரேட் சட்டென்று தீர்ந்துவிடும். இமேஜரில் ஓரம் மட்டும் கறுத்து, நடுவே வெள்ளையாகக் குழிந்த பேண்ட் தெரியும். மெம்பிரேனைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதே இடத்தில் பழுப்புக் கறை. புரோட்டீன் போதவில்லை என்று எண்ணி லோடிங்கை, அதாவது ஜெல்லில் ஏற்றும் புரோட்டீன் அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும்.

கலப்பதில் சிரமமே இல்லை. லூமினால், பெராக்சைடு என்று வரும் இரண்டு பாட்டிலிலிருந்தும் சம அளவு, சதுர செ.மீ.க்கு 0.1 மி.லி. 7 × 8.5 செ.மீ. மினி பிளாட்டுக்கு 6 மி.லி. தாராளம், 5 நிமிடம் ஊறட்டும். பாட்டிலுக்குப் பாட்டில் பிப்பெட் டிப்பை மாற்றியே தீர வேண்டும், ஒன்றின் துளி மற்றதில் கலந்தால் பாட்டிலே கெட்டுப்போகும். பிறகு மெம்பிரேனின் ஓரத்தை டிஷ்யூவில் தொட்டு மிச்சத்தை வடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளுங்கள். குமிழி நின்ற இடத்தில் பேண்ட் விட்டுப்போகும். எந்தக் கட்டத்திலும் மெம்பிரேன் உலரக் கூடாது. உலர்ந்த இடமெல்லாம் திட்டுத்திட்டாகப் பேக்ரவுண்ட் ஏறும்.

சிக்னலே வரவில்லையா? ஆன்டிபாடி கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடைச் சந்தேகியுங்கள், அது எச்ஆர்பியை முடக்கும். பிரைமரியில் அசைடு இருந்தால் டிபிஎஸ்டியில் (ட்வீன் கலந்த கழுவும் பஃபர்) நன்றாகக் கழுவிய பிறகே செகண்டரி. செகண்டரியைக் கரைக்கும் பஃபரில் அது அறவே கூடாது.

இதன் பெரிய பலம் ஒளி நீடிப்பது. 6 மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்பதால் 10 நொடி, 1 நிமிடம், 5 நிமிடம் என்று நிதானமாக எக்ஸ்போஷர் எடுத்துப் பார்க்கலாம். அளவிடப் போகிறீர்கள் என்றால் சாச்சுரேட் ஆகாத படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாச்சுரேட் ஆன பேண்டில் இருமடங்கு புரோட்டீனும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். எல்லா லேனிலும் ஒரே அளவு புரோட்டீன் ஏறியதா என்று சரிபார்க்கும் ஆக்டின் போன்ற லோடிங் கன்ட்ரோலுக்கு இவ்வளவு திறன் தேவையே இல்லை, சாதாரண ஈசிஎல் போதும். மிக அரிதான புரோட்டீனுக்கு இதுவும் போதாமல் போகலாம், அப்போது இதே வரிசையில் இன்னும் திறன் கூடிய வெஸ்ட் ஃபெம்டோவுக்குப் போங்கள். அதற்கு ஆன்டிபாடியை இதைவிடவும் நீர்க்க வேண்டும்.