பத்து வருடம், நான்கு டயட், ஒரு எண்ணெய் கேன்

2015இல் என் எடை 70 கிலோ. உயரம் 156 செ.மீ. அதற்குப் பிறகு டயட் இருந்து நான் குறைத்த கிலோவை எல்லாம் கூட்டிப் பார்த்தால் 22ஐத் தாண்டுகிறது. அந்தக் கணக்குப்படி நான் 48 கிலோவில் கொடி மாதிரி இருந்திருக்க வேண்டும். 2021 ஜூனில் மிஷினில் ஏறி நின்றபோது 74.5 காட்டியது.

இப்போது 64. நான்கு வருடத்துக்கு மேலாகிறது, எடை இறங்கியே இருக்கிறது. (நடுவில் ஒரு தடவை ஏறியது, சொல்கிறேன்.) டயட் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது மாதத்திலேயே எழுதிவிடுகிறார்கள், தொளதொளத்த சுடிதாரோடு படமும் போட்டு. நானும் 2016இல் அப்படிப் போட்டவள்தான். மூன்றாவது மாதத்தில் எந்த டயட்டும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு வருடம் கழித்து எப்படி இருந்தது என்று யாரும் வந்து சொல்வதில்லை. அதனால் சொல்கிறேன்.

திருச்சியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் நான்கு பேர்: நான், கணவர், மகன், மாமியார். சமையல் என் கையில்.

முதலில் ஜிஎம் டயட். ஏழு நாள். முதல் நாள் வாழைப்பழம் தவிர்த்துப் பழம் மட்டும், இரண்டாம் நாள் காய், மூன்றாம் நாள் இரண்டும், நான்காம் நாள் வாழைப்பழமும் பாலும், ஊடே முட்டைக்கோஸ் சூப். ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) கார் கம்பெனி தன் ஊழியர்களுக்காக உண்டாக்கிய டயட் என்று ஒரு கதை சுற்றும், அதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஏழு நாளில் மூன்றரை கிலோ குறைந்தது. பதினைந்து நாளில் மூன்றரையும் திரும்பி வந்தது, வட்டியாக அரை கிலோவும் சேர்ந்து.

அது ஏன் என்று பின்னால்தான் புரிந்தது. கல்லீரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராமோடும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தியதும் உடம்பு முதலில் அந்த இருப்பைத்தான் எடுத்துச் செலவழிக்கிறது, தண்ணீரும் கூடவே போய்விடுகிறது. முதல் வாரத்தில் நான் கொண்டாடியதில் பெரும்பங்கு தண்ணீர். எந்த டயட்டுக்கும் முதல் வார எடையை வைத்து மதிப்பெண் போடாதீர்கள்.

அடுத்து பேலியோ. அந்த நாளில் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவர் பேலியோ. காலையில் நூறு பாதாம். முந்தின இரவே ஊறவைத்து, உலர்த்தி, நெய்யில் வறுத்து, உப்பும் மிளகும் போட்டு ஒவ்வொன்றாக எண்ணித் தின்பது. மாதத்துக்கு மூன்றரை கிலோ பாதாம் ஆகும். மளிகைக்கடை அண்ணன் கல்யாண வீடா என்று கேட்டார். மதியம் மட்டன் அல்லது முட்டை, காய், இரவு பனீர். அரிசி, பருப்பு, இட்லி, சர்க்கரை எதுவும் கிடையாது.

குறை சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. நான்கிலும் இது ஒன்றில்தான் எனக்குப் பசியே தெரியவில்லை. ஐந்து மாதத்தில் 71இலிருந்து 61. முட்டி வலி போயே போய்விட்டது. இதிலேயே நிலைத்து நிற்கிறவர்களும் இருக்கிறார்கள், தெரிந்தவர்களிலேயே இரண்டு பேர். என்னால் முடியாததற்குக் காரணம் அடுப்பு. எனக்கு ஒரு சமையல், வீட்டுக்கு ஒரு சமையல். காலை ஐந்தரைக்கு எழுந்து அவர்களுக்கு இட்லி ஊற்றி வைத்துவிட்டு, நான் பாதாம் எண்ணிக்கொண்டிருப்பேன். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "ஏம்மா, நீ மட்டும் இந்த வீட்டுல விருந்தாளியா?"

அது குத்தியது. இருந்தும் விடவில்லை. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மகனிடம் கொடுத்துவிட்டேன். மார்ச்சில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். பந்தியில் ஒரு ஜாங்கிரி. அன்றோடு சரி. ஒரு ஜாங்கிரியால் பத்து கிலோ ஏறாது என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் "விரதம் கெட்டது கெட்டதுதான்" என்று ஒரு மனநிலை வந்துவிடும் பாருங்கள், அதுதான் ஏற்றுகிறது. 2018 முடியும்போது 73.

மூன்றாவது, 2019இல், ஊரிலேயே ஒரு எடை குறைப்பு நிலையம். மூன்று மாதப் பேக்கேஜ், இரவில் சாப்பாட்டுக்குப் பதில் பாலில் கரைக்கிற பவுடர், சனிக்கிழமை தோறும் எடை. சனிக்கிழமை மட்டும் காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல், இருப்பதிலேயே மெல்லிசான சுடிதாரைப் போட்டுக்கொண்டு போவேன். காசு கொடுத்து என்னையே ஏமாற்றிக்கொண்ட மூன்று மாதம். ஏழு கிலோ குறைந்தது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டு பிரியாணி செய்முறை வீடியோக்களாகப் பார்ப்பேன், செய்யப்போவதில்லை, சும்மா பார்ப்பது.

இதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்கள் எடையில் கால்வாசி போனது. கூடவே, அதுவரை அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்கள்கூடச் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படிக்க ஆரம்பித்தார்களாம். படித்தபோது சிரிப்பும் வந்தது, ஒரு நிம்மதியும் வந்தது. என் நாக்கு கெட்டுப்போனதாகவே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று: 2011இல் மெல்போர்னில் ஒரு ஆய்வு. 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்து இளைக்க வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் ஹார்மோன் உயர்ந்தும், போதும் என்று சொல்லும் லெப்டின் தாழ்ந்தும் இருந்தன. பேக்கேஜ் மூன்று மாதத்தில் முடிந்துவிடுகிறது. உடம்பு ஒரு வருடம் கழித்தும் "என் கிலோவைக் கொடு" என்று வாசலில் நிற்கிறது. லாக்டவுனில் நான் 75.

நான்காவது, 16 மணிநேர விரதம். பகல் 12 முதல் இரவு 8 வரைதான் சாப்பாடு. சுலபம், செலவு இல்லை, தனிச் சமையல் இல்லை. எனக்கு என்ன ஆனதென்றால், காலை டிபனை விட்டதற்கு ஈடாகப் பன்னிரண்டு மணிக்கு ஒன்றரைச் சாப்பாடு சாப்பிட்டேன். ஏழே முக்காலுக்கு, கடை மூடப்போகிற அவசரத்தில் மிக்சர் டப்பா. சீனாவில் குவாங்சோ நகரில் 139 பேரை ஒரு வருடம் பார்த்த ஆய்வு ஒன்று 2022இல் வந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு கலோரிக் குறைப்பு. பாதிப் பேருக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடும் சேர்த்து. முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. நேரம் பார்ப்பதால் உங்கள் சாப்பாடு தானாகக் குறைகிறது என்றால் நல்லது. எனக்குக் குறையவில்லை. இரண்டு கிலோ குறைந்தது, ஒன்றரை ஏறியது.

எந்த டயட் உசத்தி என்ற சண்டையில் எனக்கு இப்போது ஆர்வமே போய்விட்டது. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரைக் கொழுப்பு குறைத்தவர்கள், மாவுச்சத்து குறைத்தவர்கள் என்று பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள், 2018இல் வெளியானது. சராசரியாக ஒரு பக்கம் 5.3 கிலோ, மறுபக்கம் 6. இரு பக்கமும் நிறையக் குறைத்தவர்களும் இருந்தார்கள், ஏறியவர்களும் இருந்தார்கள்.

2021 ஜூனில் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 என்று வந்தது, சர்க்கரை நோய்க்கு முந்தின படி. போன இடத்தில் டாக்டர் டயட் சார்ட் எதுவும் எடுத்து நீட்டவில்லை. "மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவளுக்குத் தன் வீட்டு எண்ணெய்க் கணக்கு தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். கடலை எண்ணெய் ஐந்து லிட்டர் கேன், சரியாக மாதத்துக்கு ஒன்று. ஐந்து லிட்டர் என்றால் சுமார் நாலரை கிலோ. நான்கு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்குத் தினம் 38 கிராம். கிராமுக்கு 9 கலோரி, ஆக 340. நெய், தேங்காய், வெளியே தின்கிற வடை இதில் சேர்த்தி இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் போட்ட வழிகாட்டியில் ஒரு நாள் தட்டுக்கு எண்ணெய் 27 கிராம்தான்.

அன்றிலிருந்து கேன் திறக்கும் தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதுகிறேன். தாளிக்கத் தூக்கைச் சாய்ப்பதை நிறுத்திவிட்டு ஸ்பூனால் எடுக்கிறேன். தோசைக்கல்லுக்குப் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்க்கிற பழைய வழி. பூரியும் அப்பளமும் ஞாயிறு மட்டும். ஐந்து லிட்டர் மூன்றரை ஆகி, பிறகு மூன்றானது. ஆளுக்குத் தினம் 135 கலோரி மிச்சம், அதுவும் யாரும் உணராமல். மகனுக்கு இன்றுவரை தெரியாது. வீட்டில் ஒரே சமையல், எனக்கென்று தனிப் பாத்திரம் இல்லை. நான்கு டயட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பானை மாறியபோது நானும் மாறினேன். நான் மட்டும் தனியாக மாறியபோதெல்லாம் பானை என்னைத் திரும்ப இழுத்துக்கொண்டது.

அப்புறம் காபி. நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. 40 கிராம், 160 கலோரி. இப்போது இரண்டு டம்ளர், ஒவ்வொரு ஸ்பூன். இந்த இறக்கத்துக்கு எட்டு மாதம் ஆனது. எண்ணெயைவிட இதுதான் கஷ்டம், பொய் சொல்ல மாட்டேன்.

சோற்றை விடவில்லை. வடிப்பதில் கால் பங்கைக் குறைத்தேன், பொரியலை இரட்டித்தேன், சாயங்காலம் மிக்சர் இருந்த இடத்தில் சுண்டல். தட்டில் முதலில் காய், பிறகு குழம்பு, கடைசியில் சோறு என்று பரிமாறினால் சோறு தானாகவே குறைகிறது. மகன் தட்டில் மிஞ்சியதை வீணாகப் போகிறதே என்று வாயில் போடுவதை நிறுத்தினேன். அம்மாக்களுக்கு இது எத்தனை கலோரி என்று யாராவது கணக்கெடுத்தால் தேவலை.

மாமியாருக்குச் சோற்றைக் குறைத்ததில் வருத்தம். "சோத்தத் தின்னுதானம்மா எங்க காலம் ஓடிச்சு, அப்ப எவளுக்கு தொப்பை இருந்துச்சு?" என்றார். "நீங்க நாத்து நட்டுட்டு வந்து சாப்பிட்டீங்க அத்தை, நான் நாற்காலியை விட்டு எழுந்து வந்து சாப்பிடுறேன்" என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் அவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார், போனார்.

உடற்பயிற்சியில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. முக்கால் மணி நேரம் மொட்டைமாடியில் நடந்து எரிப்பதை இரண்டு வாழைக்காய் பஜ்ஜி திருப்பித் தந்துவிடும். இளைப்பதற்கென்று நடந்தால் ஏமாற்றம்தான். குறைந்ததை ஏறவிடாமல் பிடித்து வைக்கவும், சர்க்கரைக்கும் நடை தேவை. டயட்டில் கொழுப்போடு தசையும் போய்விடுகிறது. திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பு. அதனால் காலி எண்ணெய் கேன் இரண்டில் தண்ணீர் நிரப்பிக் கைக்கு ஐந்து கிலோவாக வாரத்தில் மூன்று நாள் தூக்குகிறேன். ஜிம்மில் கட்டிய பணத்துக்கெல்லாம் இப்போதுதான் வயிறு எரிகிறது.

எடை மிஷினைப் பற்றிப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்ட மறுநாள் 1.2 கிலோ கூடக் காட்டும். மாதவிலக்கு வாரத்தில் ஒரு கிலோ கூடும். இது கொழுப்பில்லை, தண்ணீர். பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே தினம் காலை எடையை எழுதி, ஞாயிறன்று சராசரி போடுகிறேன். சராசரியை மட்டும் நம்புங்கள். அதைவிட டேப் நல்லது. என் இடுப்பு 96இலிருந்து 85 செ.மீ.

புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் தங்களையே ஒப்பிட்டு 2004இல் ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (கிலோ எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) ஒரே 22.3. உடம்புக் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஆட்களுக்கு எடை குறைவாகத் தெரிந்தாலும் வயிற்றில் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் நமக்கு 23க்கு மேலேயே அதிக எடை என்கிறார்கள், பெண்களுக்கு இடுப்பளவு 80 செ.மீ. வரைதான்.

அந்தக் கணக்கில் என் எடை 56க்குக் கீழே இருக்க வேண்டும். இருப்பது 64. முதல் வருடம் ஆறு கிலோ, இரண்டாம் வருடம் மூன்று, அப்புறம் இழுபறி. உடம்பு சிறுத்தால் அதன் தேவையும் சிறுக்கும், அதே சாப்பாட்டில் ஒரு இடத்தில் நின்றுவிடும். 56க்கு இறங்க வேண்டுமென்றால் ஞாயிறு பூரியும் காபியும் போக வேண்டியிருக்கும். அப்படி இறங்கினால் ஏறிவிடுவேன் என்று எனக்குத் தெரியும், இறங்கவில்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவு 5.7. சென்னையில் 531 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், எடை பெரிதாகக் குறையாமலேயே உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்ததாம். அதைப் படித்த பிறகு எட்டு கிலோ பாக்கியைப் பற்றிய கவலை பாதியாகிவிட்டது.

ஏறிய கதை: 2023 கடைசியில் அம்மா மூன்று மாதம் ஆஸ்பத்திரி. கேன்டீன் பரோட்டா, டீ, பிஸ்கட். மூன்றரை கிலோ ஏறியது. பழைய நானாக இருந்தால் தை பிறந்ததும் புது டயட் தேடியிருப்பேன். இந்த முறை தேட ஒன்றுமில்லை, வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தேன். ஐந்து மாதத்தில் பழையபடி ஆனது. என் முறைக்கு நான் கொடுக்கிற பெரிய மதிப்பெண் இதற்குத்தான்.

எடை குறைக்க இப்போது வந்திருக்கிற வாராந்திர ஊசிகளைப் பற்றி அலுவலகத்தில் நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் போட்டுக்கொண்டதில்லை. தேவைப்படுகிறவர்கள் டாக்டரிடம் போக வேண்டும். நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி திரும்புகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த விரதமும் இருக்காதீர்கள், மயக்கம் போட்டு விழுந்த ஒருவரை நானே தூக்கியிருக்கிறேன்.

இந்த மாதக் கேன் இருபத்தி நாலாம் தேதியே ஐந்து லிட்டரும் தீர்ந்துவிட்டது. தீபாவளி மாதம், முறுக்கு நாலு படி. காலண்டரில் எழுதிவிட்டேன். டேப்பில் 85க்குப் பக்கத்து எண்கள் தேய்ந்துபோய்விட்டன, தையல்கடைப் பக்கம் போனால் புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.